வகுப்புக்குத் தூக்கிப்போகும் மெஷின்

"அக்கா, குவில்ட்டிங் கிளாஸ்ல சேர்ந்துட்டேன். அவங்கவங்க மெஷினைக் கொண்டுவரணுமாம். லைட்டா ஒண்ணு சொல்லுங்களேன்."

வாட்ஸாப்பில் இப்படிக் கேட்பவர்கள் ஒரு பெயரையும் ஒரு விலையையும் எதிர்பார்க்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது அவர்களுக்குப் பிடிப்பதில்லை: "என்ன கிளாஸ்?" அது தெரியாமல் மெஷின் சொல்ல எனக்கு வராது. ஆளுக்கொரு தரம் தட்டச்சு செய்து கை ஓய்ந்துவிட்டது, அதனால் மொத்தமாக இங்கே எழுதிவைக்கிறேன். நான் இருப்பது நியூ ஜெர்சியில். அமெரிக்காவில் துணிக்கடைகளின் பின்னறைகளிலும், சர்ச் அடித்தளங்களில் கூடும் கில்டுகளிலும் (குவில்ட் போடுபவர்களின் சங்கங்கள்) நடக்கிற வகுப்புகளை மனதில் வைத்துத்தான் சொல்கிறேன். ஊரிலிருந்து கேட்பவர்களுக்கு வோல்டேஜ் பற்றிக் கடைசியில் இருக்கிறது.

குவில்ட் என்பது மூன்று அடுக்கு. மேலே துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைத்த முகப்பு, நடுவில் பஞ்சு விரிப்பு, அடியில் முழுத் துணி. இந்த மூன்றையும் சேர்த்துப் பிடித்து ஓட்டுகிற தையல்தான் குவில்ட்டிங். முகப்புக்காகத் துண்டுகளை ஒன்றோடொன்று சேர்ப்பது பீஸிங். வகுப்பின் பெயரில் குவில்ட்டிங் என்று போட்டிருந்தாலும், உள்ளே போய் உட்கார்ந்தால் பெரும்பாலும் நடப்பது பீஸிங்தான். சனிக்கிழமை காலையில் மூன்று மணி நேரத்தில் ஒரு கட்டத்தின் வடிவத்தைக் கற்றுக்கொடுக்கலாம். ஆளுக்கொரு இரட்டைக் கட்டில் விரிப்பை மேஜையில் பரப்பிக் குவில்ட்டிங் போட எந்தக் கடைப் பின்னறையிலும் இடம் போதாது. பெரிய குவில்ட்டை வீட்டில் வைத்து ஓட்டுவார்கள், அல்லது பெரிய விரிப்புக்கென்றே செய்த லாங் ஆர்ம் மெஷின் வைத்திருப்பவரிடம் கூலிக்குக் கொடுத்துவிடுவார்கள்.

ஆக, வகுப்புக்குத் தூக்கிப்போகும் மெஷின் செய்யவேண்டிய வேலை மிகச் சின்னது. இரண்டு பருத்தித் துணிகளை நேர் தையலில், ஓரத்திலிருந்து கால் இஞ்ச் விட்டு, ஆடாமல் அசையாமல் சேர்க்கவேண்டும். இதை நன்றாகச் செய்கிற மெஷின் கிடைத்தால் போதும். மிச்ச வேலையை வீட்டிலிருக்கும் கனமான மெஷின் பார்த்துக்கொள்ளும். ஒரே மெஷினில் பூப்போட்ட தையல், பொத்தான் துளை, எம்ப்ராய்டரி, பெரிய விரிப்புக்கான அகலம், கூடவே எடையும் குறைவு என்று தேடினால், எல்லாவற்றிலும் அரைகுறையான ஒன்றுதான் வீடு வந்து சேரும்.

கால் இஞ்ச் என்பது எவ்வளவு முக்கியம் என்று தையல் கடையில் ரவிக்கை தைத்து வாங்கிப் பழகிய நமக்கு உடனே உறைக்காது. ரவிக்கையில் பிடிமானத் துணி உள்ளே மடிந்து போய்விடும், கூடக்குறைய இருந்தால் பிரித்துத் தைக்கலாம். குவில்ட்டில் கணக்கே வேறு. நம்மூர் ஆசாரிகள் சொல்கிற நூல் கணக்கில் எட்டு நூல் ஒரு இஞ்ச், கால் இஞ்ச் என்றால் இரண்டு நூல். தையலில் அரை நூல் கூடுதலாகப் பிடித்துவிட்டதாக வையுங்கள். ஒவ்வொரு இணைப்பிலும் இரண்டு பக்கத் துணியிலும் அரை அரை நூல் போகிறது, அதாவது ஒரு நூல். ஒரு வரிசையில் ஒன்பது துண்டு இருந்தால் எட்டு இணைப்பு. வரிசை முடியும்போது முழுசாக ஒரு இஞ்ச் காணோம். பக்கத்து வரிசை சரியாக வந்திருந்தால் இரண்டையும் சேர்க்கவே முடியாது. வகுப்பில் இருபது பேர் ஒரே அளவுத் துண்டுகளோடு தொடங்கி, மதியத்தில் இருபது அளவில் முடிப்பதற்குக் காரணம் இதுதான். துணி மடியும் இடத்தில் ஓர் இழை கனம் போய்விடும் என்பதால், ஆசிரியர்கள் கால் இஞ்ச்சுக்கும் துளி குறைவாகப் பிடிக்கச் சொல்வார்கள். அந்தத் துளியைப் பிடிக்க, ஊசியைக் கொஞ்சம் இப்படி அப்படி நகர்த்திக்கொள்ளும் வசதியோ, துணியை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் ஃபுட்டில் அந்த அளவுக்கென்றே செய்த கால் இஞ்ச் ஃபுட்டோ வேண்டும்.

இன்னொரு விஷயம் ஊசித் தகடு. ஜிக்ஜாக் போடும் மெஷின்களில் ஊசி இடமும் வலமும் போய்வர வேண்டியிருப்பதால் தகட்டில் துளை பக்கவாட்டில் அகன்றிருக்கும். 7 மில்லிமீட்டர், 9 மில்லிமீட்டர் அகலத்துக்குத் தையல் போடும் மெஷின் என்று விளம்பரத்தில் பெருமையாகப் போட்டிருப்பார்கள். நேர் தையலுக்கு அந்த அகலம் எதிரி. முக்கோணத் துண்டின் கூர்முனையில் தையலைத் தொடங்கினால் ஊசி துணியைத் துளைக்குள் தள்ளிவிடும். கீழே பாபின் பக்கத்தில் நூல் கூடுகட்டி, முனை கசங்கி வெளியே வரும். வகுப்பில் "என் மெஷின் துணியைத் தின்கிறது" என்று கைதூக்குபவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு இதுதான் கதை. ஒற்றைத் துளைத் தகடு தனியாக வாங்கிப் போட்டால் நின்றுவிடும். எனவே எந்த மெஷினை வாங்குவதானாலும் கேட்கவேண்டிய முதல் கேள்வி அதன் எடை அல்ல. அதற்கு ஒற்றைத் துளைத் தகடும் கால் இஞ்ச் ஃபுட்டும் கிடைக்குமா என்பது. மாற்றிப் போட்டபின் மறந்துபோய் ஜிக்ஜாக்கைத் திருகினால் ஊசி தகட்டில் அடித்து முறியும், அது வேறு. தகடு கிடைக்காவிட்டால், ஒரு வெட்டுத் துணியில் தையலைத் தொடங்கி அப்படியே முக்கோணத்துக்குள் ஓட்டுகிற பழைய உபாயம் இருக்கிறது.

இனி எடை. 5 கிலோவுக்கும் 7 கிலோவுக்கும் இடையில் இருந்தால் நல்லது என்பது என் கணக்கு. அதற்குக் கீழே போனால் உள்ளே உலோகம் என்று ஏதாவது இருக்கிறதா என்று சந்தேகப்படுவேன். 8 கிலோவைத் தாண்டினால் மழை நாளில் வகுப்புக்கு மட்டம் போடத் தோன்றும். ஆனால் பெட்டியில் அச்சிட்ட எடை வெறும் மெஷினுடையது. கடினமான மேல்மூடி, பெடல், மின்கம்பி, கூடவே இணைப்பு மேஜை என்றால் இன்னும் இரண்டு மூன்று கிலோ ஏறும். அதற்கு மேல் 24 இஞ்ச் அடிக்கோல், வெட்டும் பாய், ரோட்டரி கட்டர் (உருளும் வட்டக் கத்தி), துணி, மதியச் சாப்பாடு. கில்டுகளில் ஓய்வுபெற்ற பெண்கள் அதிகம். அவர்களில் தோள்வலி இல்லாதவரை நான் இன்னும் பார்க்கவில்லை. சக்கர வண்டிப் பை நல்லதுதான், ஆனால் சர்ச் அடித்தளத்துக்குப் படிக்கட்டு உண்டு, பனி பெய்த வண்டி நிறுத்தத்தில் சக்கரம் உருளாது. கடைசியில் கையில்தான் தூக்கவேண்டும். அதனால் கைப்பிடியைப் பாருங்கள். மெஷினின் கனம் எல்லாம் மோட்டார் இருக்கும் வலப்பக்கம் இருக்கும். கைப்பிடி சரியான இடத்தில் இல்லையென்றால் தூக்கும்போது ஒரு பக்கம் சாய்ந்து முழங்காலில் இடிக்கும். சில மெஷின்களுக்குக் கைப்பிடியே கிடையாது, முதுகில் விரல் நுழைக்க ஒரு பள்ளம் மட்டும்.

இனி ஆளாளுக்கு ஆசைப்படும் அந்தக் கறுப்பு மெஷின். சிங்கர் 221, செல்லமாக ஃபெதர்வெயிட்.

எந்தக் குவில்ட்டிங் வகுப்புக்குப் போனாலும் ஓர் ஓரத்தில் இது ஒன்றாவது உட்கார்ந்திருக்கும். 1933-இல் வந்தது. அந்தக் காலத்து வீட்டு மெஷின்கள் வார்ப்பிரும்பு, இருபத்தைந்து முப்பது பவுண்டு என்று கனக்கும். இதன் உடல் அலுமினியம், எடை 11 பவுண்டு, நம் கணக்கில் 5 கிலோ. இடப்பக்கப் பலகையைக் கீல் வைத்து மேலே மடக்கினால் ஒரு சின்னப் பெட்டிக்குள் அடங்கிவிடும். நேர் தையல் மட்டும்தான், முன்னும் பின்னும். தகட்டில் ஒற்றைத் துளை, துணியை நகர்த்தும் பல்லும் குறுகல். பீஸிங்குக்கு என்னென்ன வேண்டும் என்று மேலே சொன்னேனோ அதில் பெரும்பாலானவை பிறவியிலேயே உண்டு. அமெரிக்காவில் செய்ததோடு, ஸ்காட்லாந்தின் கிளைடுபேங்கில் இருந்த கில்போவி தொழிற்சாலையிலும் செய்தார்கள்; அங்கே செய்தவற்றுக்கு 221கே என்று பெயர். 222கே என்று, சட்டைக் கையை நுழைக்கிற மாதிரி மெல்லிய கையோடு ஒன்றும் வந்தது. அது அபூர்வம், ஆயிரம் டாலரைத் தாண்டும், வகுப்புக்குத் தேவையே இல்லை.

இதில் எனக்கு வேடிக்கையாகப் படுவது காலம்தான். 1960-களின் கடைசியில் ஃபெதர்வெயிட் உற்பத்தி நின்றது. அமெரிக்காவில் குவில்ட் மறுபடி உயிர்பெற்றது அதற்குப் பிறகு: 1971-இல் நியூயார்க்கின் விட்னி மியூசியத்தில் குவில்ட்டுகளை ஓவியம்போலச் சுவரில் மாட்டிக் கண்காட்சி வைத்தார்கள், 1976-இல் நாட்டின் இருநூறாவது ஆண்டு வந்தபோது பாட்டி காலத்துக் கைவேலைகள் மேல் எல்லாருக்கும் ஆசை வந்தது, 1979-இல் ஓல்ஃபா நிறுவனத்தின் ரோட்டரி கட்டர் வந்தபின் கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டிருந்த துண்டுகளை நாலைந்து அடுக்காக வைத்து ஒரே இழுப்பில் வெட்ட முடிந்தது. வெட்டுவது வேகமானதும் தைப்பதும் வேகமாகவேண்டியிருந்தது, வகுப்புகள் பெருகின, தூக்கிப்போக மெஷின் தேவைப்பட்டது. அப்போது பரணிலிருந்து இறங்கியதுதான் இந்த மெஷின். தயாரித்தவர்கள் நிறுத்திய பிறகு குவில்ட்காரர்கள் அதைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள்.

வாங்கலாமா? வாங்கலாம், ஆனால் காதலில் விழுந்து வாங்காதீர்கள். பொன் வரிகள் தீட்டிய கறுப்பு உடம்பைப் பார்த்ததும் மற்றதெல்லாம் கண்ணில் படாது. முதலில் மின்கம்பியை வளைத்துப் பாருங்கள். பழைய ரப்பர் உறை வெடித்திருந்தால் கம்பி மாற்றும் செலவையும் விலையில் சேர்த்துக்கொள்ளவேண்டும். பாபின் கேஸ் உள்ளே இருக்கிறதா என்று பார்க்கவேண்டும், அசல் தனியாக வாங்கப் போனால் விலை அதிகம். தகட்டை யாராவது கழற்றி மாட்டியிருந்தால், பாபின் கேஸைத் தாங்கும் அடிப்பாகத்தின் விரல் போன்ற முனை தகட்டின் பிளவுக்குள் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும்; உட்காரவில்லையென்றால் தையல் வராது, ஊசியும் முறியும். மோட்டாரில் இரண்டு சின்னக் குழாய்கள் இருக்கும். அதில் போடவேண்டியது கிரீஸ், எண்ணெய் அல்ல. நல்ல எண்ணத்தோடு எண்ணெய் விட்டவர்களால் கெட்டுப்போன மோட்டார்கள் உண்டு. 1951 என்று பொறித்த நீல விளிம்பு வில்லை இருந்தால் சிங்கரின் நூற்றாண்டு நினைவாகப் போட்டது. அதற்காக விலை கூட்டிக் கேட்பார்கள். தைப்பதில் அதனால் ஒரு வித்தியாசமும் இல்லை. பழைய பெட்டியில் ஒரு பூஞ்சை வாடை அடிக்கும், எல்லாருடைய பெட்டியிலும் அடிக்கும். வெயிலில் வைத்துப் பார்த்து, போகாவிட்டால் புதுப் பை வாங்கிக்கொள்ளலாம்.

ஓட்டும்போது சில பழக்கங்கள் வேண்டும். ஊசியின் தட்டைப் பக்கம் இடப்புறம் பார்க்கவேண்டும், நூலை வலமிருந்து இடமாகக் கோக்கவேண்டும். புது மெஷினில் முன்னிருந்து பின்னாகக் கோத்துப் பழகிய கை தடுமாறும். முதல் சில தையல்களுக்கு இரண்டு நூல் முனைகளையும் விரலால் பிடித்துக்கொள்ளாவிட்டால் கொக்கிக்குப் பின்னால் நூல் சிக்கி மெஷின் பூட்டிக்கொள்ளும். விளக்கு பல்பு சூடாகும், ஊசி கோக்கக் குனியும்போது விரல் பத்திரம். பல்லைக் கீழே இறக்க முடியாது. ஊசிக்கும் தூணுக்கும் இடையில் சுமார் 5 இஞ்ச் இடம்தான். பெரிய விரிப்பைச் சுருட்டி அதற்குள் நுழைக்க முடியாது. பீஸிங்குக்கு இவை எதுவும் குறையில்லை. கண் மங்கியவர்களுக்கும், ஊசியைத் தானே மேலே நிறுத்தும் பொத்தானுக்குப் பழகியவர்களுக்கும் மட்டும் இது தொல்லை.

இதற்கு அக்கா முறை ஆகிற ஒன்று உண்டு, சிங்கர் 301. 1952-இல் வந்தது, அதுவும் அலுமினியம், 16 பவுண்டு, தலையில் அழகான கைப்பிடி. ஃபெதர்வெயிட் பாபினே இதற்கும் பொருந்தும். உடம்பு நீளம், இடமும் அதிகம். ஊசி சாய்ந்து இறங்குவதால் ஃபுட் தேடுவது கொஞ்சம் சிரமம். ஆசைப்படுகிறவர்கள் குறைவு என்பதால் விலையும் குறைவாகவே கிடைக்கிறது. பழைய மெஷின்தான் வேண்டும் என்று என்னிடம் ஒற்றைக்காலில் நிற்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்கிறேன், யாரும் கேட்பதில்லை.

புது மெஷின்கள் பக்கம் வந்தால், வகுப்புகளில் அதிகம் பார்ப்பது ஜனோமேயின் ஜெம் வகை. முழு அளவு மெஷினை முக்கால்வாசியாகச் சுருக்கிய மாதிரி இருக்கும், சுமார் 12 பவுண்டு. பாபினை மேலிருந்து போடலாம், கண்ணாடி மூடி வழியாக நூல் எவ்வளவு மிச்சம் என்று தெரியும். ஆசிரியர் அடுத்த படிக்குப் போய்விட்ட நேரத்தில் பாபின் தீர்ந்துபோவது வகுப்பில் எவ்வளவு எரிச்சல் என்பது பட்டவர்களுக்குத் தெரியும். விலை குறைவாக வேண்டுமென்றால் பிரதர் சிஎஸ்6000ஐ. 13 பவுண்டு, 60 வகைத் தையல். அதில் நமக்கு வேண்டியது ஒன்று. ஆனால் மேல்துணியையும் சேர்த்து நகர்த்தும் வாக்கிங் ஃபுட்டும் இணைப்பு மேஜையும் பெட்டியிலேயே வரும், பெடல் இல்லாமல் பொத்தானை அழுத்தியும் ஓட்டலாம். வகுப்புக்கு மறந்து வருகிற பொருட்களில் முதலிடம் பெடலுக்குத்தான் என்பதால் அந்தப் பொத்தான் சின்ன விஷயம் இல்லை. ஃபாஃப் நிறுவனத்தின் பாஸ்போர்ட்டில் மேல்துணியையும் கீழ்த்துணியையும் சமமாகத் தள்ளும் அமைப்பு பின்னாலேயே பொருத்தப்பட்டிருக்கும், வேண்டும்போது இறக்கிக்கொள்ளலாம். விலையும் அதற்கேற்ப ஏறும். சிங்கர் ஹெவி டியூட்டி வரிசையைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். அதில் 4423 சுமார் 14½ பவுண்டு, நிமிடத்துக்கு 1,100 தையல். ஜீன்ஸ் கிழிசலுக்கு நல்ல மெஷின். துண்டு சேர்க்க அவ்வளவு வேகம் எதற்கு? கைக்குட்டை அளவுத் துண்டுகளில் தேவைப்படுவது மெதுவாகத் தொடங்கி நினைத்த இடத்தில் நிற்கும் பழக்கம்.

ஜூகி டிஎல்-2010க்யூ, பிரதர் பிக்யூ1500எஸ்எல் இரண்டும் நேர் தையல் மட்டும் போடுகிற அருமையான மெஷின்கள். இரண்டும் 25 பவுண்டு பக்கம் வரும். வீட்டு மேஜைக்கு இவற்றைவிட நல்லது சொல்லமாட்டேன். வகுப்புக்குத் தூக்குவதாக இருந்தால் கூடவே ஆளையும் கூட்டிக்கொண்டு போகவேண்டும்.

இணையத்தில் முப்பது நாற்பது டாலருக்கு, பேட்டரியிலும் ஓடும் என்று வெளிர் ஊதா நிறத்தில் விற்கும் குட்டி மெஷின்கள் வேண்டாம். எடை என்னவோ ஒரு கிலோதான். மாற்று ஃபுட் பொருந்தாது, தையல் நீளம் மாற்ற முடியாது, கால் இஞ்ச் என்ற பேச்சே இல்லை. ஸ்டேப்ளர் மாதிரி கையில் பிடிக்கிறவை இன்னும் மோசம். அவை போடுவது ஒற்றை நூல் சங்கிலித் தையல், முனையைப் பிடித்து இழுத்தால் முழுதும் உருவிக்கொண்டு வந்துவிடும்.

வாங்கும் முன் தைத்துப் பார்க்கவேண்டும். இது முன்பு சுலபமாக இருந்தது. 2025-இல், துணியும் தையல் சாமான்களும் விற்ற ஜோஆன் கடைகள் எல்லாம் மூடிய பிறகு மெஷினைத் தொட்டுப் பார்க்கிற இடங்கள் குறைந்துவிட்டன. மிச்சமிருப்பவை தனியார் குவில்ட் கடைகள். மெஷின் விற்று, பழுதும் பார்த்து, பின்னறையில் வகுப்பும் நடத்துகிற கடையாக இருந்தால் இருபது முப்பது டாலர் கூடுதலானாலும் அங்கேயே வாங்குங்கள் என்பேன். மெஷின் வாங்கியவர்களுக்கு அதை ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வகுப்பைப் பல கடைகள் இலவசமாக வைக்கின்றன.

போகும்போது உங்கள் துணியைக் கொண்டுபோங்கள். கடையில் வைத்திருக்கும் மொடமொடப்பான மாதிரித் துணியில் எந்த மெஷினும் அழகாகத் தைக்கும். ஒன்றரை இஞ்ச் அகலத்தில் மூன்று பட்டைகள் வெட்டி வைத்துக்கொண்டு, கடையிலேயே பக்கத்தில் பக்கத்தில் சேர்த்துத் தைத்து, தையலை அழுத்தித் தேய்த்து, அளந்து பாருங்கள். நடுப்பட்டை சரியாக ஒரு இஞ்ச் இருக்கவேண்டும், மொத்தம் மூன்றரை. வரவில்லையென்றால் ஊசியை ஒரு சொடுக்கு நகர்த்தி மறுபடி. எப்படி நகர்த்தியும் வரவில்லையென்றால் அந்த மெஷின் வேண்டாம். அப்புறம் ஒரு முக்கோணத்தின் முனையிலிருந்து தொடங்கிப் பாருங்கள். எட்டு மடிப்பு கூடும் இடத்தில் மெதுவாக ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். காற்றாடி வடிவத்தின் நடுவில் அப்படித்தான் கூடும். பெடலை முழுசாக மிதித்து மெஷின் மேஜையில் நடக்கிறதா என்று கவனியுங்கள். லேசான மெஷின் கொஞ்சம் நடக்கத்தான் செய்யும். அலமாரித் தட்டில் விரிக்கும் துளைத் துளையான ரப்பர் விரிப்பை ஒரு துண்டு வெட்டி அடியில் போட்டால் நின்றுவிடும், இன்னொரு துண்டு பெடலுக்கு அடியில். கடைசியாக மெஷினை மூடி, பெடலோடு தூக்கி, கடையை ஒரு சுற்று நடந்து வாருங்கள். விற்பவர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை.

மேஜை உயரத்தைப் பற்றி யாரும் சொல்வதில்லை, நான் சொல்கிறேன். வீட்டில் மெஷின் மேஜைக்குள் பதிந்திருந்தால் கை இயல்பாக இருக்கும். வகுப்பில் மடக்கு மேஜை, அதற்கு மேல் மெஷின். தைக்கும் தளம் மார்பு உயரத்துக்கு வந்துவிடும், தோள் இரண்டும் காதைத் தொடும். இரும்பு மடக்கு நாற்காலியில் போட ஒரு கனமான மெத்தையைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஃபெதர்வெயிட்டுக்குத் தளம் தாழ்வு என்பதால் இந்தத் தொல்லை குறைவு. மற்றவற்றுக்கு, நீட்டிய துணி ஓரத்தில் சரிந்து விழாமலிருக்க இணைப்பு மேஜை கட்டாயம். துணி சரிந்தால் அது தையலையும் இழுக்கும், கால் இஞ்ச் போய்விடும்.

நூலும் ஊசியும் எடை இல்லாதவை, ஆனால் மெஷினின் பேரைக் கெடுப்பவை பெரும்பாலும் இவைதான். 50 எண் பருத்தி நூல், 80/12 ஊசி அல்லது 75/11. தையல் நீளம் 2 முதல் 2½ மில்லிமீட்டர். எட்டு மணி நேரம் தைத்ததும் ஊசியை மாற்றிவிடுங்கள், முறியும்வரை காத்திருக்கவேண்டாம். வீட்டிலேயே மூன்று நான்கு பாபின் சுற்றி எடுத்துப்போங்கள். மெஷின் கையேடும் பையில் இருக்கட்டும். ஆசிரியருக்கு எல்லா மெஷினும் தெரியும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

இத்தனையும் பீஸிங் வகுப்புக்கு. ஃப்ரீ மோஷன் குவில்ட்டிங் வகுப்பு என்றால் மேலே சொன்னது பாதி பொருந்தாது. அங்கே பல்லை இறக்கிவிட்டு, மூன்றடுக்கையும் இரண்டு கையால் பிடித்து, ஊசிக்குக் கீழே துணியை நகர்த்தி நகர்த்திப் படம் வரைவதுபோல ஓட்டவேண்டும். லேசான மெஷின் அந்த இழுப்பில் அதிரும், சின்ன இடத்தில் கை முட்டும். அந்த வகுப்புகளுக்குக் கடைகளே மெஷின் வைத்திருப்பதுண்டு, பதியும்போது கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் அன்றைக்கு மட்டும் வீட்டுக் கனமான மெஷினைத் தூக்கவேண்டியதுதான். அதற்காக ஒவ்வொரு வாரமும் தூக்குகிற மெஷினைக் கனமாக வாங்குவதில் அர்த்தமில்லை. முதல் வகுப்பே வருகிற மாதம்தான் என்றால் இப்போதே வாங்காமல் கில்டில் யாரிடமாவது இரவல் கேட்டுப் பாருங்கள். மூன்று நான்கு மெஷின் வைத்திருக்காத குவில்ட்காரரைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம்.

ஊர்க் கேள்விக்கு வருகிறேன். "ஃபெதர்வெயிட் ஒண்ணு வாங்கி அம்மாவுக்குக் கொண்டுபோகட்டுமா?" என்று கேட்பவர்களுக்கு: இங்கே விற்பது 110-120 வோல்ட் மோட்டார், ஊரில் வருவது 230. நேரே சொருகினால் மோட்டார் புகைந்துவிடும். மின்னழுத்தம் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டலாம், ஆனால் அந்தப் பெட்டியையும் வகுப்புக்குத் தூக்கவேண்டுமே. ஸ்காட்லாந்தில் செய்த 221கே-யில் 200-இலிருந்து 240 வோல்ட்டுக்கானவை உண்டு. மோட்டாரில் பதித்த தகட்டைப் படித்துவிட்டு வாங்கவேண்டும். கம்ப்யூட்டர் மெஷின்களில் சில 100 முதல் 240 வரை ஏற்கும், பல ஏற்காது. அதுவும் பின்பக்கத் தகட்டிலேயே எழுதியிருக்கும்.

அதைவிட ஊரிலேயே வாங்குவது மேல். 2019-இல் சென்னையில் குவில்ட் திருவிழாவே நடந்தது, கற்றுக்கொள்ள ஆள் இருக்கிறார்கள். உஷா ஜனோமே, பிரதர், சிங்கர் எல்லாரும் 230 வோல்ட்டில் லேசான வீட்டு மெஷின் விற்கிறார்கள், பழுதுபார்க்கவும் அங்கேயே ஆள் கிடைக்கும். கிடைக்கச் சிரமமாக இருப்பது சின்னச் சாமான்கள்தான்: கால் இஞ்ச் ஃபுட், மெல்லிய ஊசி. தெருமுனைக் கடையில் ஊசி கேட்டால் 14, 16 எண்களைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார்கள். 11 அல்லது 12 என்று எண் சொல்லிக் கேட்கவேண்டும். அம்மாவின் மெஷின் லோ ஷாங்க் (ஃபுட் மாட்டும் தண்டு தாழ்ந்த) வகையா என்று போனிலேயே படம் அனுப்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டால், இங்கிருந்து ஒரு கால் இஞ்ச் ஃபுட்டும் இரண்டு பாக்கெட் ஊசியும் கைப்பையிலேயே போய்விடும். ஊசிக் கணக்கு இங்கே 15x1, 130/705ஹெச் என்று எழுதியிருந்தாலும் அங்கே எச்ஏx1 என்று எழுதியிருந்தாலும் வீட்டு மெஷின்களுக்கு ஒன்றேதான்.